ஆறு நிமிஷ நடையும் அடங்காத வாயும்

சுண்ணாம்புப் பவுடர்ல கோடு போடற தொழில்ல ஒரே கஷ்டம் இன்னான்னா, நீ காலைல இருந்து முதுக ஒடிச்சிக்கினு போட்ட கோட்ட ஒருத்தன் ஒரே நிமிஷத்துல தேச்சிக்கினு ஓடுவான். அவனுக்கு மெடலு, உனக்குத் தைலம்.

காலேஜ் கிரவுண்டுல 'மார்க்கர்'னு ஒரு போஸ்ட்டு கீது. கோடு போடணும், ஹர்டில்ஸ் தூக்கி வைக்கணும், ஸ்போர்ட்ஸ் டே வந்தா மைக் புடிக்கணும். முப்பது வருஷமா அது நான் தான். பேரு ஏகாம்பரம், வூடு சைதாப்பேட்டை. எட்டாங்கிளாஸோட படிப்பு என்னை வுட்டுடுச்சி. ஆனா ஒருத்தர் பேசறத ரெண்டு நிமிஷம் கேட்டா போதும், அப்டியே அவங்கள மாதிரியே பேசிக் காட்டிடுவேன். இந்த வித்தையால எனக்குக் கெடைச்ச டீயும் ஜாஸ்தி, திட்டும் ஜாஸ்தி. பெரிய படிப்பு படிச்ச ஒருத்தருக்குப் பின்னாடி பையத் தூக்கிக்கினு அலையற என் சகோதர சகோதரிங்களே, நீங்க படற பாடு எனக்குத் தெரியும். நம்ம கதைய நாம தான் சொல்லிக்கணும். அவங்க சொன்னா அதுல நம்ம பேரே இருக்காது.

எனக்கு வாய்ச்சவங்க ஸ்டெல்லா மேடம். சாந்தோம்காரங்க, வூட்டுல எல்லாரும் டீச்சருங்க. மொதல்ல ஓட்டக்காரி, அப்பால உடற்பயிற்சி விஞ்ஞானம் சொல்லித் தர்ற புரொபசரு, இப்போ மீன் மார்க்கெட் அம்மாங்கள நடக்க வைக்கறவங்க. இந்த மூணுத்துலயும் நான் பட்ட ரோதனை தான் இது.

ஆறாவது லேன்

அப்போ மேடம் நானூறு மீட்டர் ஹர்டில்ஸ் ஓடுவாங்க. மத்த பொண்ணுங்கல்லாம் ஓடறதுக்கு முன்னாடி சாமி கும்பிடும். இவங்க நெத்தில சிலுவை போட்டுக்கினு, கையோட டேப்ப எடுத்துக்கினு வந்து நான் போட்ட கோட்ட அளப்பாங்க. எனக்கு மானமே போவும். "டெய்லர் அக்கா வந்துட்டாங்கடா"ன்னு பசங்க கிட்ட கலாய்ப்பேன். அவங்க நடக்கற மாதிரி, மூக்க தூக்கிக்கினு, இல்லாத டேப்ப இழுத்துக் காட்டுவேன். ஒரு வாட்டி திரும்பிப் பாத்தா பின்னாடியே நின்னுக்கினு கீறாங்க. "டேப்ப இன்னும் கொஞ்சம் டைட்டா புடிக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஒரு தபா பஸ்ஸு லேட்டு. மேடம் அளக்காமயே ஓடிட்டாங்க. ரெண்டாவதா வந்தாங்க, மூக்கு நுனி வித்தியாசம். மூச்சு கூட வாங்கல, நேரா பையில இருந்து டேப்ப எடுத்துக்கினு அவங்க ஓடின ஆறாவது லேன் வளைவுக்குப் போனாங்க. நானும் சிரிச்சிக்கினே பின்னாடி போனேன். அளந்தா ஒரு ஜாண் ஜாஸ்தி. காலைல வளைவு போடறப்போ டீக்காரன் கூப்டான்னு கயிற கொஞ்சம் லூஸா வுட்டுட்டேன். மேடம் கத்துவாங்கன்னு பாத்தேன், கத்தல. டேப்ப நிதானமா சுருட்டி, பையில வெச்சி, ஜிப்ப மூடினாங்க. "இன்னிக்கு தோத்தது என் காலு இல்ல ஏகாம்பரம், உங்க கை."

குடும்பத்துக்கு ஒருத்தர்

அப்பால தொடை நரம்பு இழுத்துக்கிச்சி, ஓட்டம் நின்னுச்சி. வேற யாரா இருந்தாலும் கல்யாணம் காட்சின்னு போயிருப்பாங்க. இவங்க படிச்சாங்க. படிச்சி முடிச்சி அதே காலேஜுக்கு புரொபசரா வந்து, ஒரு ரூம்புல ஓடற பெல்ட்டு மெஷின வெச்சி, பசங்க மூஞ்சில குழாய மாட்டி ஓட வுட்டாங்க. எவன் எவ்ளோ காத்த இழுக்கறான்னு மெஷின் சொல்லும். ஒரு பையனோட டைம்ல கண்ணு சிமிட்டற நேரத்தக் கொறைக்க வருஷக் கணக்கா மல்லுக்கட்டுவாங்க. எனக்கு அது இன்னா வேலைன்னே புரியாது. கண்ணு சிமிட்டற நேரத்த மிச்சம் புடிச்சி அவன் எங்க போவப் போறான், திரும்பவும் எங்க கேன்டீனுக்குத் தான்.

அப்டி இருக்கறப்போ அடையார்ல ஒரு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. மேடம் ஜட்ஜு, நான் கோடும் மைக்கும். கடைசில அப்பாமாருங்களுக்கு அம்பது மீட்டர் ஓட்டம். இருபது பேர் பேண்ட்ட இழுத்து வுட்டுக்கினு நின்னாங்க. விசில் ஊதினதும் ஆறு பேர் கோட்டத் தாண்டினாங்க, மீதி பேர் பாதியிலயே போன் வந்த மாதிரி ஒதுங்கிட்டாங்க. ஒருத்தரு மட்டும் இருபதாவது மீட்டர்ல என் கோட்டு மேலயே உக்காந்துட்டாரு. எழுந்துக்கவே முடியல, மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது. மேடம் ஓடிப் போய் நாடி புடிச்சிப் பாத்து, தண்ணி குடுத்து, ஆபத்து ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம், சார் நீங்க கடைசியா எப்ப ஓடினீங்கன்னு கேட்டாங்க. அவரு பையன் தான் அன்னிக்கு நூறு மீட்டர்ல ஃபர்ஸ்ட்டு.

அந்தத் திங்கக்கெழமையே மேடம் மாறிட்டாங்க. ஜெயிக்கறவன் இன்னும் கொஞ்சம் வேகமா ஜெயிக்கறதுக்கு இத்தினி வருஷம் செலவு பண்ணிட்டேன், உக்காந்துட்டவங்க பக்கம் திரும்பியே பாக்கலன்னு என் கிட்ட பொலம்பினாங்க. பொதுஜன ஆரோக்கியம்னு என்னென்னவோ பேப்பரு எழுத ஆரம்பிச்சாங்க. எல்லாத்துக்கும் காரணம் அந்த அப்பா, குந்தின எடத்துலயே சட்டை பூரா சுண்ணாம்போட சொன்ன பதில் தான்: "மேடம், குடும்பத்துக்கு ஒருத்தர் ஓடினா போதாதா?"

ஊசி இல்லாத டாக்டர்

மேடம் புடிச்ச மொத எடம் பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு மீன் மார்க்கெட். அங்க வியாபாரம் பண்ற அம்மாங்கல்லாம் முன்ன தலைல கூடையோட தெருத் தெருவா நடந்தவங்க. இப்போ மீனு ஆட்டோல வருது, இவங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்டூல்ல குந்திக்கினு கீறாங்க. சுகரு, பிபி, முட்டி வலி எல்லாம் வந்து பக்கத்துலயே குந்திக்கிச்சி. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு கவர்மென்ட்டு ஹால் சும்மா பூட்டிக் கெடந்துச்சி. அங்க வாரத்துல மூணு நாள் நடக்கற கிளாஸ் நடத்தறேன்னு மேடம் பர்மிஷன் கேட்டாங்க.

ஹாலுக்கு ஒரு ஆபீசரு. சிரிச்சா சம்பளத்துல புடிச்சிக்குவாங்கன்ற மாதிரி மூஞ்சி. ஆறு மாசம் குடுக்கறேன்னாரு. ஆரம்பத்துல எவ்ளோ நடக்கறாங்க, ஆறு மாசம் கழிச்சி எவ்ளோ நடக்கறாங்கன்னு அளந்து காட்டணும். ஏறியிருந்தா ஹால் உங்களுக்கு, ஏறலைன்னா ரேஷன் கோடவுனு. அவ்ளோ தான் பேச்சு. மேடம் மூஞ்சில பழைய ஹர்டில்ஸ் களை வந்துடுச்சி.

டாக்டரு வந்துகீறாங்கன்னு மார்க்கெட் பூரா சேதி பரவிடுச்சி. மேடம் படிச்சி வாங்கின டாக்டரு தானே, வைத்தியம் பாக்கற டாக்டரு இல்லியே. அது யாருக்குத் தெரியும்? ஒரு அம்மா நாக்க நீட்டிக்கினு வந்து நிக்குது. இன்னொண்ணு புள்ளைக்குச் சொறின்னு தூக்கிக்கினு வருது. மேடம் எல்லாரையும் உக்கார வெச்சி, மருந்து கெடையாது, தெனம் நடக்கணும், அது தான் மருந்துன்னு பொறுமையா சொன்னாங்க. மார்க்கெட்டுக்கே தலைவி மாதிரி ஒருத்தங்க, கஸ்தூரி அக்கா, எறா உரிச்சிக்கினே கேட்டுக்கினு இருந்தாங்க. கத்திய கீழ வெச்சாங்க. "இன்னா டீச்சரு நீ, நாப்பது வருஷம் கூடைய வெச்சிக்கினு பறந்தா வந்தேன்?"

பயணிகளின் கனிவான கவனத்திற்கு

எப்டியோ இருபத்தஞ்சு பேர் சேந்தாங்க. எல்லாம் மீன் அம்மாங்க, கூட ஒரே ஒரு மயிலாப்பூர் மாமா. பேரு வெங்கு மாமா, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. மாமி தான் கையெழுத்துப் போட்டு சேத்து வுட்டாங்க. மூக்குல கர்சீப்ப கட்டிக்கினு வருவாரு. நடக்கற கிளாஸுக்கு ஸ்கூட்டர்ல வருவாரு.

மொத நாள் பரீட்சை. ஹால் பக்கத்து வராண்டாவுல முப்பது மீட்டர் தூரத்துக்கு ரெண்டு கூம்ப வெச்சி, நடுவுல நான் கோடு போட்டேன். ஆறு நிமிஷம், போயிட்டு போயிட்டு வரணும், ஓடக் கூடாது. எவ்ளோ தூரம் நடந்தாங்கன்னு எழுதிக்கணும். இதுல ஒரு சட்டம் கீது: கூட நிக்கற ஆளு நிமிஷத்துக்கு ஒரு வாட்டி, உணர்ச்சியே இல்லாத குரல்ல, "நல்லா பண்றீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு"ன்னு பேப்பர்ல இருக்கறத மட்டும் சொல்லணும். உசுப்பேத்தினா ஜனங்க சக்திக்கு மேல நடந்துடுவாங்களாம், கணக்கு தப்பாயிடுமாம். மேடம் அந்தப் பேப்பர என் கைல குடுத்துட்டு பிபி பாக்க உள்ள போயிட்டாங்க. மைக்க என் கைல குடுத்துட்டுப் போனாங்கன்றது தான் மேட்டரு.

நானும் ரெண்டு நிமிஷம் அடக்கிக்கினு தான் இருந்தேன். கோயில் உண்டியல் மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு பேப்பர படிச்சேன். அப்போ கஸ்தூரி அக்கா வெங்கு மாமாவ ஓவர்டேக் பண்ணாங்க. அவ்ளோ தான், என் வாயி என் பேச்ச கேக்கல. மாம்பலம் ஸ்டேஷன் அம்மா குரல்ல, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கஸ்தூரி எக்ஸ்பிரஸ் ஒண்ணாவது லேன்ல வந்துகொண்டிருக்கிறது, வெங்கு பாசஞ்சர் தாமதமாக வரும்னு உட்டேன். மாமா திரும்பி என்னை ஒரு மொறை மொறைச்சாரு பாரு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு பிச்சிக்கினு போனாரு. அப்பால ரேடியோ கிரிக்கெட்டு, குதிரை ரேஸு, எலெக்ஷன் ஜீப்பு எல்லாம் வந்துச்சி. இருபத்தஞ்சு பேரும் பேய் தொரத்தற மாதிரி நடந்தாங்க. ஆறு நிமிஷம் முடிஞ்சதும் கஸ்தூரி அக்கா செவத்தப் புடிச்சிக்கினு நின்னுட்டாங்க. என்னைத் திட்ட வாயத் தொறக்கறாங்க, காத்து தான் வருது, சத்தம் வரல. கையாலயே திட்டினாங்க.

நான் பெரிய சாதனை பண்ணிட்ட மாதிரி நின்னுக்கினு இருந்தேன். ஆபீஸ்ல இருந்து வந்த பொண்ணு அத்தினி நம்பரையும் டேப்லெட்டுல தட்டி அங்கயே மேல அனுப்பிடுச்சி. மேடம் வெளிய வந்து விஷயத்தக் கேட்டு, தப்பு நடந்துடுச்சி, நாளைக்கு மறுபடி அளக்கறோம்னு ஆபீசருக்கு உடனே போன் பண்ணாங்க. பதிவானது பதிவானது தான்னுட்டாரு. போன வெச்சிட்டு மேடம் அந்த நம்பருங்கள பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "ஆறு மாசம் கழிச்சி நடக்க வேண்டிய தூரத்த இன்னிக்கே நடக்க வெச்சிட்டீங்களே, ஏகாம்பரம்."

பதினாலாயிரம்

ரெண்டாவது மாசம் எல்லார் இடுப்புலயும் அடி எண்ற மெஷின் ஒண்ண மாட்டி வுட்டாங்க, தீப்பெட்டி சைஸு. ஒரு வாரம் கழிச்சி பாத்தா மீன் அம்மாங்க எல்லாம் ரெண்டாயிரம், மூவாயிரம்னு நொண்டுது. வெங்கு மாமா மட்டும் தெனம் பதினாலாயிரம். மேடத்துக்கு சந்தோஷம் தாங்கல. பாத்தீங்களா, ஒருத்தராவது மாறிட்டாருன்னு சொல்லிக்கினு, நேர்லயே பாராட்டலாம்னு என்னையும் இஸ்துக்கினு மயிலாப்பூருக்குப் போனாங்க.

கதவு தொறந்து தான் இருந்துச்சி. மாமா ஊஞ்சல்ல சாஞ்சிக்கினு, கைல காப்பி டம்ளரோட, பேப்பர் படிச்சிக்கினு ஆடிக்கினு கீறாரு. ஊஞ்சல் சங்கிலில நம்ம மெஷினு சோக்கா தொங்குது. போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு, கணக்கு ஏறிக்கினே கீது. மாமி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, கார்த்தால ஆறு மணிக்கு மாட்டினா ராத்திரி தான் கழட்டறார், தூங்கறச்சே மட்டும் தான் நடக்கறதில்லைன்னு போட்டுக் குடுத்துட்டாங்க. மேடம் சங்கிலியவே பாத்துக்கினு நின்னாங்க. எனக்குச் சிரிப்ப அடக்கி வயிறே புடிச்சிக்கிச்சி. மாமாவுக்குக் கொஞ்சம் கூட வெக்கம் இல்ல. டம்ளர கீழ வெச்சிட்டு, பாங்க்ல லோன் கேக்க வந்தவனப் பாக்கற மாதிரி எங்களப் பாத்தாரு. "ஊஞ்சல் தானா ஆடிண்டிருக்குன்னு நெனைச்சேளா, உந்தறது யாரோட காலாம்?"

ரங்கநாதன் தெருவுல பரீட்சை

செருப்போட நடந்தா முட்டிக்கு ஆவாதுன்னு மேடம் கண்டு புடிச்சாங்க. எல்லாருக்கும் ஷூ வாங்கணும். கஸ்தூரி அக்காவும் இன்னும் நாலு அம்மாங்களும் தி.நகருக்குக் கெளம்பினாங்க, நான் பை தூக்கி. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுல மேடம் வாட்ச்ச பாத்துக்கினே முன்னாடி ஏறறாங்க. அக்கா ஒவ்வொரு படியா நின்னு, கைப்புடிய புடிச்சிக்கினு, மேல ஏறினதும் எனக்குச் சொர்க்கம் தெரியணும், இல்லன்னா உன்னை வுட மாட்டேன்னு என்னைத் திட்டிக்கினே ஏறினாங்க. நான் இன்னா படிக்கட்டா கட்டினேன்?

கடையில ஷூ போட்டுப் பாத்தா ரெண்டு அடி நடந்து பாப்போம், அவ்ளோ தானே நாம. மேடம் பையில இருந்து ஸ்டாப்வாட்ச்ச எடுத்துட்டாங்க. அஞ்சு பேரும் கடைக்குள்ள, பேக்கு தொங்கற வரிசைக்கும் கல்லாவுக்கும் நடுவுல, போயிட்டு போயிட்டு வரணும். தெருவுல இருந்து கூட்டம் எட்டிப் பாக்குது. ஓசில ஏதோ குடுக்கறாங்க போலன்னு பின்னாடியே நாலு பேர் சேந்து நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு தாத்தா கைப்பையோட மூணு ரவுண்டு போயிட்டு, எங்க கியூன்னு என்னைக் கேட்டாரு. மேடத்துக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. குதிகால் எப்டி பதியுதுன்னு தரையில குந்தி பாத்துக்கினு கீறாங்க.

அக்காவுக்கு ஷூ புடிச்சிப் போச்சி. சேலைக்கு மேட்ச்சா ரோஸ் கலரு. ஆனா அத்த மீன் தண்ணில போட மாட்டேன், கிளாஸுக்கும் சர்ச்சு பக்கத்து கல்யாண மண்டபத்துக்கும் மட்டும் தான்னு சொல்லிட்டாங்க. கடைக்காரத் தம்பி பத்து நிமிஷமா அட்டப் பொட்டிய கட்டிப் புடிச்சிக்கினு நின்னவன், கடைசில மேடத்து பக்கத்துல வந்து குனிஞ்சான். "மேடம், பாஸ் ஆனவங்களுக்கு மட்டும் பில்லு போடட்டா?"

ரெண்டு மீட்டரு

அஞ்சாவது மாசம் மேடம் ஒரு ஒத்திகை வெச்சாங்க. இந்த வாட்டி பேப்பர அவங்களே படிச்சாங்க, உணர்ச்சியே இல்லாத குரல்ல. அவங்களுக்கு அது ஈஸியா வரும். முடிச்சிக் கணக்குப் பாத்தா, அம்மாங்கல்லாம் நல்லாவே நடந்திருந்தாங்க. அக்கா முன்ன மாதிரி செவத்தப் புடிக்கல. ஆனா நான் மொத நாள் ஸ்டேஷன் அம்மா குரல்ல தொரத்தி வுட்ட நம்பர பாதிப் பேருக்கு மேல தாண்டவே இல்ல. பேப்பர்ல பாத்தா, அஞ்சு மாசம் கிளாஸுக்கு வந்து எல்லாரும் கெட்டுப் போன மாதிரி கீது. ஹால் கோடவுனா மாறப் போறது எனக்கே கண்ணுல தெரிஞ்சிச்சி. அதுவும் என் வாயால.

மேடம் வாசப்படில உக்காந்து ஸ்டாப்வாட்ச்சு கயித்த வெரல்ல சுத்தி சுத்தி அவுத்துக்கினு இருந்தாங்க. அவங்கள அப்டி நான் பாத்ததே இல்ல. நான் மெதுவா பக்கத்துல போய், மேடம், கோடு என் டிபார்ட்மென்ட்டு, பரீட்சை அன்னிக்குக் கூம்ப இந்தப் பக்கம் ஒரு மீட்டரு, அந்தப் பக்கம் ஒரு மீட்டரு உள்ள தள்ளி வெக்கறேன், முப்பது இருபத்தெட்டாவும், ரவுண்டு ஏறும், கடவுளுக்குக் கூட தெரியாதுன்னேன். என் தப்ப என் கையாலயே சரி பண்ணிடலாம்னு தான்.

மேடம் வெரல்ல சுத்தின கயித்த அவுத்து வெச்சாங்க. ஓட்டத்துல தோத்தா எனக்கு ஒருத்திக்குத் தான் நஷ்டம், இது தோத்தா இவங்க எல்லாம் திரும்ப ஸ்டூல்ல போய் உக்காந்துடுவாங்க, அதனால எனக்கும் ஆசையா தான் இருக்குன்னு சொன்னாங்க. அப்பால எழுந்து ஆபீசருக்கு ஒரு லெட்டரு எழுதினாங்க. மொத தடவை என் ஆளு மைக்ல உசுப்பேத்தினாரு, அதனால கடைசிப் பரீட்சையிலயும் அதே ஆளு அதே மாதிரி உசுப்பேத்துவாரு, அப்போ தான் ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்க முடியும், இத்த ரிப்போர்ட்டுலயும் எழுதுவேன்னு. லெட்டர மடிச்சி என் சட்டைப் பையில வெச்சாங்க. "கூம்பு முப்பதுலயே இருக்கட்டும் ஏகாம்பரம், நீங்க தொண்டைய பாத்துக்கங்க."

கெழங்கான் வருது

தொண்டைய பாத்துக்கினேனா? பரீட்சைக்கு முந்தின நாள் காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் மீட்டு. காலைல இருந்து மைக்கு, நடுவுல நாலு ஐஸ் ரோஸ்மில்க்கு. மறுநாள், லெட்டர படிச்சி சரின்னு சொல்லிட்ட ஆபீசரு ஃபைலோட வந்து நின்னுட்டாரு, மேடம் என்னைப் பாத்து தலை ஆட்டறாங்க, நான் மைக்க வாய்ல வெச்சா ஓட்டை விழுந்த ஃபுட்பால் மாதிரி காத்து தான் போவுது. எனக்கு அப்டியே என் சுண்ணாம்பு மூட்டைக்குள்ள போய் பூந்துக்கலாம் போல இருந்துச்சி.

கஸ்தூரி அக்கா ரோஸ் ஷூவ மாட்டிக்கினு ஸ்டார்ட்டிங்ல நின்னவங்க, ரெண்டே எட்டுல வந்து என் கைல இருந்து மைக்க புடுங்கினாங்க. ஆபீசரு, யம்மா நீங்க நடக்கணும்னாரு. நடந்துக்கினே பேசுவேன், உனக்கு இன்னா போச்சின்னாங்க. மேடம் ஒரு செகண்டு யோசிச்சி விசில ஊதிட்டாங்க.

அக்கா வுட்டாங்க பாரு மார்க்கெட் ஏலம். நடக்கறவங்க எல்லாம் மீனு. வஞ்சிரம் வருது வஞ்சிரம், வழி வுடு. நெத்திலி, இன்னாடி நவுரவே மாட்ற, ஐஸ்ல போட்டுட்டாங்களா? வெங்கு மாமாவுக்குக் கெழங்கான்னு பேரு. மாமா கோச்சிக்கல, நின்னு அது கிலோ என்ன வெலைன்னு விசாரிச்சாரு, அதுலயே அரை ரவுண்டு போச்சி. இந்தம்மா மைக்க வெச்சிக்கினு ரவுண்டுல டபாய்க்குதோன்னு ஆபீசருக்குச் சந்தேகம் வந்துச்சி. அவரே ஃபைல இடுக்கிக்கினு அக்கா பக்கத்துலயே எண்ணிக்கினு நடந்தாரு. அதோ ஒரு கொடுவா, சட்டைய இன் பண்ணிக்கினு வருதுன்னு அக்கா அதையும் ஏலத்துல சேத்துட்டாங்க. ரெண்டாவது நிமிஷம் அவரு ஃபைலு இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாறிச்சி. நாலாவது நிமிஷம் எண்றது நின்னு போச்சி. அக்கா மட்டும் மூச்சு வாங்காம அத்தினி மீனையும் வித்துக்கினு போறாங்க.

விசில் ஊதினதும் மேடம் மொதல்ல கொறைஞ்சவங்க கணக்கத் தான் படிச்சாங்க. எனக்கு அவங்க வாய பொத்தலாம் போல இருந்துச்சி. ரெண்டு பேரு கொறைவு: முட்டி வீங்கின ஒரு அம்மா, அப்பால வெல கேட்ட மாமா. மீதி இருபத்தி மூணு பேரும் மொத நாள தாண்டிட்டாங்க. இந்த வாட்டி மைக்குல கத்தினது வேற ஆளு, அதையும் எழுதிக்கறேன்னாங்க. அப்பால ஆபீசர் கிட்ட, சார், தூரத்த வுடுங்க, மொத நாள் இந்தம்மாவால முடிச்சப்புறம் ஒரு வார்த்தை பேச முடியல, இன்னிக்கு ஆறு நிமிஷமும் பேசிக்கினே நடந்தாங்க, நடக்கறப்போ பேச வருதுன்னா நெஞ்சு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், எங்க படிப்புல அது பெரிய மார்க்குன்னு சொன்னாங்க. ஆபீசரு அத்தக் கேட்டாரான்னே தெரியல. செவுத்தோரமா இருந்த பிளாஸ்டிக் நாற்காலில பொத்துன்னு உக்காந்து, நெத்திய தொடைச்சிக்கினு, கையெழுத்துப் போடப் பேனாவ தேடினாரு. அது அவரு கைலயே இருந்துச்சி. அக்கா தண்ணி சொம்ப நீட்டினாங்க. பாதி சொம்பு குடிச்சப்புறம் தான் அவருக்குப் பேச்சு வந்துச்சி. "ஹாலை யாரும் எடுக்கல மேடம், இந்த நாற்காலிய மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காதீங்க."

முப்பது வருஷம் பறந்து ஓடறவங்களுக்குக் கோடு போட்டப்போ ஒல்லியா இருந்த நான், மெதுவா நடக்கறவங்களுக்குக் கோடு போட ஆரம்பிச்சதுல இருந்து அக்கா வாரா வாரம் குடுத்தனுப்பற வஞ்சிரத்த துன்னு துன்னே ஊதிப் போயி, இப்போ அடுத்த பேட்ச் லிஸ்ட்டுல மொத பேரா நானே நிக்கறேன்.